ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கமும் அதன் ஸனதும்

சென்ற ரமளானுக்குச் சற்று முன்னர் நம் வாசகர் குடும்பம் ஒன்றிலிருந்து நான்கு நிழற்படங்கள் வந்தன. உள்ளங்கையில் அடங்கும் வட்ட வடிவப் பதக்கம் ஒன்று. சாம்பல் நிற உலோகம். மேற்புறம் துளையிட்டு ஒரு வளையம் கோத்திருக்கிறார்கள். ஒரு முகத்தில் சிங்கம் ஒன்று புலியை வீழ்த்தி அதன் மேல் நிற்கிறது. பின்னால் பறக்கும் கொடியில் அரபு எழுத்துகள். மறு முகத்தில் ஒரு கோட்டை, அதன் மீது ஏறும் படை, அடியில் பாரசீக வரிகள். விளிம்பில் அக்குடும்பத்து மூதாதையர் ஒருவரின் பெயரும் 1799 என்ற ஆண்டும் ஆங்கில எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

பச்சைப் பட்டுத் துணியில் சுற்றி, முஸ்ஹஃப் வைக்கும் அலமாரியிலேயே தலைமுறை தலைமுறையாக அதைக் காத்து வந்திருக்கிறார்கள். பெருநாள் அன்று மட்டும் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுவது வழக்கமாம். ஷஹீத் திப்பு சுல்தான் (ரஹ்) அவர்கள் எம் பாட்டனாரின் வீரத்தை மெச்சித் தம் கையால் அணிவித்த பதக்கம் என்பது குடும்பத்தில் வழங்கும் செய்தி. மதரஸா ஆண்டு விழாக் கண்காட்சியில் அதை வைக்க ஜமாஅத்தார் விரும்புகிறார்கள். கீழே என்ன எழுதி வைப்பது என்பதுதான் நம்மிடம் கேட்கப்பட்ட கேள்வி.

இத்தகைய கேள்விக்கு விடை தேட நம் உம்மத்திடம் பழைய முறை ஒன்று உண்டு. செய்தி வந்தால் விசாரித்துத் தெளிந்துகொள்ள வேண்டும் என்பது ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் இடும் கட்டளை. ஹதீஸ் கலை இமாம்கள் அதை ஒரு தனிக் கல்வியாகவே வளர்த்தார்கள். யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடர் ஸனத். அறிவிக்கப்பட்ட செய்தி மத்ன். இரண்டையும் தனித்தனியே உரசிப் பார்த்த பின்னரே ஒரு செய்தியை ஏற்றார்கள். நபிமொழிக்கு வகுத்த இந்தச் சட்டத்தை ஒரு பதக்கத்துக்குப் பயன்படுத்துவது மிகையல்லவா என்று கேட்கலாம். அந்த இமாம்களில் ஒருவரே அப்படிச் செய்திருக்கிறார்.

ஹிஜ்ரி 447-ஆம் ஆண்டு பக்தாதில் ஓர் ஆவணம் வெளிப்பட்டது. கைபர்வாசிகளுக்கு ஜிஸ்யாவிலிருந்து நபி (ஸல்) அவர்கள் விலக்கு அளித்ததாக அதில் எழுதியிருந்தது. ஸஹாபாக்களின் சாட்சியமும் இருந்தது. அப்பாஸிய கலீஃபாவின் அமைச்சர் அதை இமாம் கதீப் அல்பக்தாதி (ரஹ்) அவர்களிடம் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, இது பொய்யாகப் புனையப்பட்டது என்றார். காரணம் எளியது. சாட்சிகளுள் ஒருவர் முஆவியா (ரலி). அவர் இஸ்லாத்தை ஏற்றதோ மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8-இல். கைபர் வெற்றி கொள்ளப்பட்டது ஹிஜ்ரி 7-இல். மற்றொரு சாட்சி ஸஅத் இப்னு முஆத் (ரலி). அவர் ஹிஜ்ரி 5-லேயே வஃபாத்தாகிவிட்டார். தாளின் பழமையையோ கையெழுத்தின் அழகையோ இமாம் ஆராயவில்லை. தேதியை மட்டும் கேட்டார், ஆவணம் வீழ்ந்தது.

அந்தக் கேள்வியையே இப்பதக்கத்திடமும் கேட்போம்.

கொடியில் உள்ள அரபு வாசகம் "அஸதுல்லாஹில் ஃகாலிப்". வெல்லும் அல்லாஹ்வின் சிங்கம் என்று பொருள். அலீ (ரலி) அவர்களைக் குறிக்கும் இந்தச் சிறப்புப் பெயர் சுல்தானுக்கு மிக உகந்தது. புலிமுகம் போலத் தோன்றும்படி இதன் எழுத்துகளைப் பின்னிப் பிணைத்துத் தம் ஆயுதங்களிலும் கொடிகளிலும் அவர் இடச் செய்தார். ஆகவே இதைப் படித்த மாத்திரத்தில் இது சுல்தானின் பொருள்தான் என்று ஒரு முஸ்லிம் குடும்பம் நம்பியதில் வியப்பில்லை. அவர்கள் அந்த வரியோடு நின்றுவிட்டார்கள். மறுபக்கத்தின் அடியில் பாரசீகத்தில் இருப்பது ஸ்ரீரங்கப்பட்டணம் வெல்லப்பட்டதை இறைவனின் செயலாகக் கூறும் வாசகம். அதனுடன் ஹிஜ்ரி 1213, துல்கஃதா 28 என்ற தேதி. சிங்கத்தின் காலடியில் ரோமானிய எண்களில் அதே நாள் ஆங்கிலக் கணக்கில் உள்ளது: 1799 மே 4.

அந்த நாளில்தான் கோட்டையின் நீர்வாயில் அருகே வாளேந்தியபடி சுல்தான் ஷஹீதானார். தாம் ஷஹீதான நாளைப் பொறித்த பதக்கத்தை அவர் எவருக்கும் அணிவித்திருக்க முடியாது.

இனிப் படங்களைத் திரும்பப் பார்த்தால் எல்லாம் துலங்கும். வீழ்ந்து கிடக்கும் புலி மைசூர்ப் புலி. மேலே நிற்பது பிரிட்டிஷ் சிங்கம். கோட்டையின் மீது ஏறுவது கம்பெனிப் படை. அதற்கு மேல் உச்சிச் சூரியன் காட்டப்பட்டிருப்பது தாக்குதல் நண்பகலுக்குச் சற்றுப் பின் நிகழ்ந்ததைக் குறிக்க. சுல்தான் தம் புலிக்குச் சூட்டிய வாசகத்தைப் பறித்து, அப்புலியைக் கொல்லும் சிங்கத்தின் கொடியில் எழுதியிருக்கிறார்கள். போரில் வென்றவர் தோற்றவரின் வாளை எடுத்துக்கொள்வது உலக வழக்கம். அவர் நாவில் இருந்த திக்ரையும் எடுத்துக்கொண்டது இந்தப் பதக்கம். இதை எழுதும்போதும் நமக்கு நெஞ்சு கனக்கிறது.

ஆக, இது கிழக்கிந்தியக் கம்பெனி தன் படையினருக்கு வழங்கிய ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கம். செதுக்கியவர் கான்ராட் ஹைன்ரிக் கியூக்லர் என்னும் ஜெர்மானியர். அச்சடித்தது பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டனின் சோஹோ அச்சாலை. போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, 1808 வாக்கிலேதான் அது வீரர்களின் கைக்கு வந்தது. தகுதிக்கு ஏற்ப உலோகம் மாறியது: தளபதிகளுக்குத் தங்கம், அடுத்த நிலையினருக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி, கீழ்நிலை அதிகாரிகளுக்கு வெள்ளி, அவர்களுக்கும் கீழே வெண்கலம், சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். வெள்ளீயத்தில் மட்டும் சுமார் 45,000 அடிக்கப்பட்டன. நம் வாசகர் வீட்டுப் பதக்கத்தின் சாம்பல் நிறம் அதன் வரிசையைச் சொல்லிவிடுகிறது.

கதை நிற்கவில்லை என்றாலும் பொருள் மெய்யானதா என்பது வேறு கேள்வி. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர். ஸனத் முறிந்த செய்தியிலும் மத்ன் உண்மையாக இருக்கக்கூடும் அல்லவா? அதுபோலப் பொய்க் கதை சுமந்த பொருள் அசலாக இருக்கலாம். அழகிய கதை சுமந்த பொருள் நேற்று வார்த்ததாகவும் இருக்கலாம்.

முதலில் அளவு. சோஹோவில் அடித்த பதக்கத்தின் விட்டம் 48 மில்லிமீட்டர். கல்கத்தா அச்சாலையில் அடிக்கப்பட்டவை சிறியவை, ஏறத்தாழ 45 மில்லிமீட்டர். செதுக்கமும் அவ்வளவு நேர்த்தியில்லை. குடும்பத்தார் அளந்து சொன்ன விட்டம் 48. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. வெள்ளீயம் 232 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். அடுக்களை அடுப்பிலேயே உருக்கி ஓர் அசலின் மேல் எடுத்த அச்சில் வார்த்துவிடலாம். போலி செய்பவனுக்கு இதைவிட வசதியான உலோகம் கிடையாது. ஆனால் வார்ப்பு தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆறும்போது உலோகம் சுருங்குவதால் விட்டம் மயிரிழை குறையும். எழுத்தோரங்கள் கூர்மை இழந்து மழுங்கும். சமதளத்தில் ஊசிமுனைக் குழிகள் தோன்றும். விளிம்பில் பொருத்துவாயை அராவிய தடம் இருக்கும். அச்சில் அழுத்தி அடித்த பதக்கத்தில் இவை இரா. தேய்ந்த பதக்கத்தில்கூடத் தேயாத பள்ளங்களில் எழுத்து கூர்மையாகவே நிற்கும். இந்தப் பதக்கத்தில் சிங்கத்தின் பிடரி தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. ஆனால் கொடியின் மடிப்புக்குள் ஒதுங்கிய அரபு எழுத்து இன்றும் கூர்மையாக இருக்கிறது. நல்ல அடையாளம்.

அடுத்தது விளிம்பில் உள்ள பெயர். விற்பவர்களும் வாங்குபவர்களும் மிகுதியும் மயங்கும் இடம் இதுதான். ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கம் பெயர் பொறிக்கப்படாமலே வழங்கப்பட்டது. பின்னாளைய பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்களில் விளிம்பில் வீரரின் பெயரும் படைப்பிரிவும் இருப்பதைக் கண்டு பழகியவர்கள், பெயர் இருந்தால் அசல் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இங்கே அது தலைகீழ். பெயர் இருப்பது பிற்சேர்க்கை. பிற்சேர்க்கை எல்லாம் மோசடி அல்ல. பெற்றவரோ பிள்ளைகளோ கடைத்தெருச் செதுக்காளிடம் கொடுத்துப் பொறித்துக்கொள்வது உண்டு. ஒரு பெயரைச் சேர்த்தால் விலை கூடும் என்று வணிகர் பொறிப்பதும் உண்டு.

இரண்டையும் பிரித்தறிய உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். கையுளியால் வெட்டிய கோடு ஆழம் மாறி மாறி ஓடும். திரும்பும் இடத்தில் உளி சறுக்கியிருக்கும். மின்கருவி வெட்டிய கோடு ஒரே ஆழத்தில், உள்ளே நுண்ணிய அதிர்வு வரிகளோடு இருக்கும். பழைய வெட்டின் உட்புறமும் வெளிப்புறமும் ஒரே மங்கலாக இருக்கும். புதிய வெட்டின் உள்ளே உலோகம் பளிச்சிடும். எல்லாவற்றையும்விட, தேய்மானம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். முகத்தில் சிங்கம் தேய்ந்திருக்க விளிம்பில் பெயர் கூராக இருந்தால், தேய்ந்த பிறகே பெயர் வந்தது என்று பொருள். நமக்கு வந்த படத்தில் அப்படித்தான் உள்ளது. எழுத்து கையால் வெட்டியது; ஆனால் பதக்கத்தைவிட ஒன்றிரண்டு தலைமுறை இளையது. பேரனோ கொள்ளுப்பேரனோ அன்பின் மிகுதியால் செய்திருக்க வேண்டும் என்பது நம் கணிப்பு.

சுல்தானின் பெயரால் வரும் பிற பொருள்களைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. வாரம் ஒன்றேனும் நம் கைப்பேசிகளில் அவர் வாள், அவர் மோதிரம் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. இவற்றிலும் தேதியே முதல் சாட்சி. 1787 வாக்கில் சுல்தான் ஹிஜ்ரி ஆண்டை விட்டு, நபி (ஸல்) அவர்களின் பிறப்பிலிருந்து எண்ணும் மவ்லூதி ஆண்டை நடைமுறைப்படுத்தினார். அஹ்மதி, பஹாரி, ஜஃபரி என்று மாதங்களுக்கும் புதுப் பெயர்கள் இட்டார். பொதுவாக அரபு எழுத்தில்கூட எண்களை இடமிருந்து வலமாகவே எழுதுவார்கள். சுல்தானோ தம் நாணயங்களில் அவற்றையும் வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். அவருடைய பட்டறைகளில் செய்த துப்பாக்கிகளிலும் மவ்லூதி ஆண்டைக் காணலாம். இதை அறியாதவர் 1226 என்ற ஆண்டைக் கண்டால் ஹிஜ்ரி என்று எண்ணி, அது 1811 ஆயிற்றே, சுல்தான் மறைந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்த பொருள் என்று அசலையே தள்ளிவிடுவார். மாறாக, அவருடைய கடைசி ஆண்டுகளைச் சேர்ந்தது என்று காட்டப்படும் வாளில் ஹிஜ்ரி ஆண்டு வழக்கமான வரிசையில் பொறித்திருந்தால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

ஸனத் வலுவான பொருளுக்குச் சான்று, 2023 மே மாதம் லண்டனில் ஏறத்தாழ 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் போன படுக்கையறை வாள். அரண்மனையின் உள்ளறையில் கிடைத்து, தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய டேவிட் பேர்டுக்குப் படையின் சார்பில் அளிக்கப்பட்டது என்ற வரலாறு அதனோடு தொடர்ந்து வந்திருக்கிறது.

மோதிரத்தின் நிலை வேறு. தேவநாகரியில் ராமர் பெயர் பொறித்த 41 கிராம் தங்க மோதிரம் ஒன்று 2014-இல் லண்டனில் 1,45,000 பவுண்டுக்கு விற்பனையாயிற்று. ஷஹீதான சுல்தானின் விரலிலிருந்து கழற்றியது என்று சொல்லப்பட்டது. அதை வைத்து ஒரு தரப்பார் அவருடைய மத நல்லிணக்கத்தை நிறுவினார்கள். மறு தரப்பார் கொள்ளைப் பொருள் என்று ஏசினார்கள். ஸனதை மட்டும் எவரும் கேட்கவில்லை. மோதிரம் வந்தது ராக்லன் பிரபு குடும்பத்திலிருந்து. அக்குடும்பத்தின் முதல் ராக்லன் பிறந்தது 1788-இல். கோட்டை வீழ்ந்தபோது அவர் சிறுவர். ஆர்தர் வெல்லெஸ்லியின் சகோதரர் மகளை அவர் பின்னாளில் மணந்தார் என்பதே தொடர்பு. மறுபுறம், அன்றிரவு உடல்களின் நடுவே சுல்தானைக் கண்டெடுத்தபோது உடனிருந்த மேஜர் ஆலன் எழுதி வைத்த குறிப்பு உள்ளது. வெண்ணிற மேலாடை, இடுப்பில் செந்நிறத் துணி, கையில் ஒரு தாயத்து. நகை என்று எதுவும் இல்லை என்கிறார் அவர். அதற்கு முன்பே யாரேனும் உருவியிருக்கலாம் என்ற வாதத்துக்கு இடமுண்டு. ஆனால் அது அனுமானம். சிருங்கேரி மடத்துக்குச் சுல்தான் எழுதிய கன்னடக் கடிதங்கள் கண்ணெதிரே இருக்கையில், தொடர் அறுந்த ஒரு மோதிரத்தை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும் என்பது நமக்கு இன்றும் விளங்கவில்லை.

இனி அந்தக் குடும்பத்தின் ஸனத். பதக்கத்தை வைத்திருக்கும் மூத்தம்மா தம் தாயாரிடமிருந்து பெற்றார். அவர் தம் மாமியாரிடமிருந்து. அதற்கு மேல் பெயர் தெரியவில்லை. மூன்று பெண்மணிகளும் நம்பகமானவர்கள் என்பதில் ஐயமில்லை. கேட்டதைக் கேட்டபடி சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கும் 1799-க்கும் இடையே குறைந்தது இரண்டு தலைமுறை விடுபட்டிருக்கிறது. கதை மாறியது அந்த இடைவெளியில்தான். ஸ்ரீரங்கப்பட்டணம், வீரம், பதக்கம், எம் பாட்டனார் என்ற நான்கும் உண்மையாகவே வந்து சேர்ந்திருக்கலாம். அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பது மட்டும் வழியில் உதிர்ந்துபோயிற்று. ஜெனரல் ஹாரிஸின் தலைமையில் 1799 பிப்ரவரியில் மைசூர் நோக்கிப் புறப்பட்ட சென்னைப் படை திரண்டது வேலூரில். அதன் சிப்பாய்களில் முஸ்லிம்கள் நிறைய இருந்தார்கள். ஒரு தமிழ் முஸ்லிம் வீட்டில் வெள்ளீயப் பதக்கம் இருப்பதற்கு மிக இயல்பான விளக்கம் இதுதான்: பாட்டனார் கம்பெனிச் சிப்பாய்; புலியைக் கொன்ற படையில் ஒருவர். எங்கோ விலைக்கு வாங்கியதாகவும் இருக்கலாம் என்றாலும், பெயர் பொறித்துக் காத்த விதம் அதற்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை.

இதை எழுதி அனுப்ப நமக்கு மூன்று நாள் ஆயிற்று. எண்பது வயது மூத்தம்மாவின் அலமாரியிலிருந்து ஒரு பெருமையைப் பிடுங்குகிறோமே என்ற தயக்கம். மதரஸாப் பிள்ளைகளின் முன்னால் பொய்யான ஒரு வாசகத்தை வைக்க உடன்படுவதற்கும் மனம் ஒப்பவில்லை. பொருள் ஸஹீஹ், அதன் கதை ளஈஃப் என்று எழுதினோம். கூடவே மற்றொன்றையும் எழுதினோம். சுல்தானின் புதல்வர்கள் வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்தபோது, தாடியையும் நெற்றிக்குறியையும் தடுத்த உத்தரவும் புதிய தலைப்பாகையும் சிப்பாய்களைக் கொதிக்கச் செய்தன. 1806 ஜூலை 10 அன்று அவர்கள் எழுந்து, அதே கோட்டையில் சுல்தானின் புலிக்கொடியை ஏற்றினார்கள். சென்னைப் படையின் சிப்பாய்கள்தாம் அவர்கள். அந்தப் பாட்டனார் அவர்களுள் ஒருவராக இருந்தாரா, அவர்களைச் சுட்ட பக்கம் நின்றாரா, அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டாரா என்பதைப் பதக்கம் சொல்லாது. படைப்பிரிவின் பெயர் தெரிந்தால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடிப் பார்க்க வழி உண்டு.

மூத்தம்மாவின் பேத்தி தொலைபேசியில் பேசினார். மூத்தம்மா கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்களாம். பிறகு பச்சைத் துணியிலிருந்து பதக்கத்தை எடுத்து, முஸ்ஹஃப் இருக்கும் தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றி வைக்கச் சொன்னார்களாம். கண்காட்சிக்குக் கொடுக்கச் சம்மதம். கம்பெனிப் பதக்கம், வெள்ளீயம், சோஹோ அச்சாலை என்று எழுதினால் போதும். பாட்டனார் பெயரையும் மறைக்க வேண்டாம் என்றார்களாம். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிவிட வேண்டாம் என்று மட்டும் நாம் கேட்டுக்கொண்டோம்; மென்மையான அந்த உலோகத்தில் மிச்சமிருக்கும் தடயமும் அதோடு போய்விடும். பதக்கம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, மூத்தம்மாவின் கையெழுத்தையும் வாங்கி உடன் வைக்கச் சொல்லியிருக்கிறோம்.